காசாயி நதிக்கு அக்கரையில் ஒரு பள்ளிக்கூடம்

கரக்பூரில் நாம் குடியேறி 11 ஆண்டுகள் ஆகின்றன. இக்காலத்தில் பூரிக்குச் சென்று ஜகந்நாதரைத் தரிசித்தோம். காசிக்குச் சென்று கங்கையில் முழுகினோம். டார்ஜிலிங் மலையேறிக் குளிரில் நடுங்கியும் திரும்பினோம். கையில் பாஸ் உள்ள ரெயில்வே குமாஸ்தாவுக்குத் தூரம் ஒரு பொருட்டன்று. ஆயினும் நம் குவார்ட்டர்ஸிலிருந்து 13 கிலோமீட்டர் தொலைவில், காசாயி நதிக்கு அக்கரையில் இருக்கும் மிட்னாப்பூரை நாம் ஒழுங்காகப் பார்த்ததில்லை. கச்சேரிக் காரியமாக இரண்டொரு தடவை போய், கையெழுத்து வாங்கிக்கொண்டு அடுத்த வண்டியில் திரும்பியதைப் பார்த்ததாகச் சொல்வதற்கில்லை. அருகில் இருப்பதன் அருமை தெரிவதில்லை என்பது இதுதான் போலும்.

சென்ற ஆகஸ்டு மாதத்தில் நம் மூத்த பையனால் அந்தக் குறை நீங்கியது. அவனுக்கு வயது 14. ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறான். எந்தப் பள்ளி என்பது இங்கே வேண்டுவதில்லை. சுதந்திர தின விழாவில் ஒவ்வொரு மாணவனும் ஒரு தேச பக்தரைப் பற்றி ஐந்து நிமிஷம் பேச வேண்டும் என்று ஏற்பாடாகியிருந்தது. பையன் வாஞ்சிநாதனைத் தேர்ந்துகொண்டான். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போதெல்லாம் வாஞ்சி மணியாச்சி ஸ்டேஷனில் வண்டி நின்றதும் நாம் அவனுக்குச் சொல்லிவந்த கதை அது. வகுப்பில் அந்தப் பெயரைச் சொன்னபோது, “அவர் யார்? இங்கே ஒருவருக்கும் தெரியாதே! குதிராமைப் பற்றிப் பேசு, எல்லோரும் கேட்பார்கள்” என்று ஆசிரியர் கூறினாராம். கூட இருந்த பிள்ளைகள் சிரித்தார்களாம்.

மாலையில் வீட்டுக்கு வந்தவன் பையை மூலையில் போட்டான். “நம்ம ஆள் யாருன்னே இவங்களுக்குத் தெரியலை. இவங்க ஆளைப் பத்தி நான் மட்டும் எதுக்குப் பேசணும்? நான் பேசவே போறதில்லை” என்றான். அன்று இரவு சரியாகச் சாப்பிடவுமில்லை.

வெளி மாகாணத்தில் பிள்ளைகளை வளர்க்கும் நம் வாசகர்கள் எல்லோருக்கும் இத்தகைய மாலை ஒன்று வந்திருக்கும். பையனைக் கோபித்துக்கொள்ள நமக்கு நா எழவில்லை. ஏனெனில் குதிராமைப் பற்றி நமக்குத் தெரிந்ததும் ஒரே வரிதான்: இளம் வயதில் தூக்குமேடை ஏறினான் என்பது. 11 ஆண்டுகள் இந்த மண்ணின் அரிசியைச் சாப்பிட்டுவிட்டு அதற்குமேல் அறியாதிருந்த நாம், நம் வாஞ்சியை அறியவில்லை என்று பிறரைக் குறை சொல்ல முடியுமா?

நம் ஆபீஸில் உடன் வேலை செய்யும் வங்காள நண்பர் மிட்னாப்பூர்க்காரர். அவரிடம் விஷயத்தைச் சொன்னோம். அவருடைய பெரியப்பா பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், ஊர்ச் சரித்திரத்தில் ஊறியவர் என்றும், அவரே உடன் வந்து எல்லாவற்றையும் காட்டுவார் என்றும் நண்பர் சொன்னார். அந்த வாரம் சனிக்கிழமை நாமும், மனைவியும், பையனும், ஏழு வயதுப் பெண்ணுமாகப் புறப்பட்டோம்.

கரக்பூர் பிளாட்பாரத்தைப் பற்றி நம் வாசகர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. 1072 மீட்டர் நீளமுள்ள அது ஒரு காலத்தில் உலகத்திலேயே நீளமானது என்று பெயர் பெற்றிருந்தது. பின்னர் 2013-இல் கோரக்பூரும், 2023-இல் ஹுப்பள்ளியும் அதை மிஞ்சிவிட்டன. கிரி மைதான், கோகுல்பூர் என்று சிறு நிலையங்கள் வந்து போயின. அப்புறம் பாலம். கோடையில் வெறும் மணலாகக் கிடக்கும் காசாயி, அன்று மழைக்காலமாதலால் செந்நிறமாகக் கரை புரண்டு ஓடியது. புத்தகங்களில் இந்நதியைக் கங்ஸாவதி என்று எழுதுவார்கள். நம் பெண் ஜன்னல் வழியே ஒரு ரூபாய் நாணயத்தை நதியில் எறிந்து கும்பிட்டாள். பாலம் தாண்டியதும் மிட்னாப்பூர். வங்காளிகள் மேதினிப்பூர் என்பார்கள். அரை மணிக்கும் குறைவான பிரயாணம்.

ஸ்டேஷனில் பெரியவர் காத்திருந்தார். வெள்ளை வேட்டி, கதர் ஜிப்பா, கையில் குடை. இங்கே ஆசிரியரை ‘மாஸ்டர் மொஷாய்’ என்று அழைப்பது வழக்கம். நாமும் அப்படியே அழைத்து வணங்கினோம். பையன் காலைத் தொட்டு வணங்கியதில் அவருக்கு மிகுந்த மகிழ்ச்சி. நமக்குத் தெரிந்த வங்காளியிலும் ஹிந்தியிலுமாகப் பேச்சு நடந்தது. பையன்தான் நமக்கு இடையிடையே துபாஷி.

மிட்னாப்பூர் கலாசாலைப் பள்ளி 1834-இல் தோன்றியது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சனிக்கிழமை அரைநாள் வகுப்பு முடிந்து பிள்ளைகள் வெளியே பெருகிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் இன்னொருவன் சட்டையைப் பிடித்து இழுக்கிறான். ஒருவன் சைக்கிளில் தாவுகிறான். வாசலில் காரப்பொரி விற்பவனைச் சுற்றி ஒரே கூட்டம். எந்த ஊர்ப் பள்ளியிலும் பகல் மணி அடித்ததும் காணும் காட்சிதான். “குதிராம் இந்த வாசல் வழியாகத்தான் போய்வந்தானா?” என்று பையன் கேட்டான். “குதிராமுக்கு முன்னால் வேறொருவரிடமிருந்து தொடங்க வேண்டும்” என்றார் மாஸ்டர் மொஷாய்.

அவர் குறிப்பிட்டது ராஜநாராயண் போஸை. 1851 முதல் 1866 வரை இப்பள்ளியின் தலைமை ஆசிரியர். ஸ்ரீ அரவிந்தரின் தாயைப் பெற்றவர். அவர் பிரம்பை ஒழித்தார். பிள்ளைகள் முதுகு நோவாமல் இருக்கும்படி சாய்மானம் வைத்த பெஞ்சுகளைச் செய்வித்தார். அக்காலத்தில் அது பெரிய புதுமை. பெண்களுக்கு ஒரு பள்ளியும், தொழிலாளருக்கு ஓர் இரவுப் பள்ளியும் நிறுவினார். படித்தவர்களிடையே தேசாபிமானம் வளர ஒரு சங்கம் கண்டார். அதன் உறுப்பினர் தாய்மொழியில் பேசும்போது ஆங்கிலச் சொல் கலந்தால் ஒரு பைசா அபராதம்! இதைக் கேட்டதும் நமக்கு நம் தமிழ்ச் சங்கக் கூட்டங்கள் நினைவுக்கு வந்தன. அந்த விதியை நாமும் வைத்தால் கட்டட நிதி ஓராண்டில் திரண்டுவிடும். முதல் அபராதம் ‘ஸ்டேஷன்’, ‘பிளாட்பாரம்’ என்று எழுதும் இக்கட்டுரையாளரிடமே வசூலாகும்.

பிரம்பில்லாமல் வளர்ந்த பிள்ளைகள் பிரம்புக்கு அஞ்சாதவர்களாக ஆனார்கள் என்று மாஸ்டர் மொஷாய் சொன்னார். ராஜநாராயணரின் தம்பி மகன் ஸத்யேந்திரநாத் போஸ். இதே ஊரில் கலெக்டர் கச்சேரியில் சிலகாலம் உத்தியோகம் பார்த்தவர். இப்பள்ளியில் சித்திர ஆசிரியராக இருந்தவர் ஹேமசந்திர கானுங்கோ. 1902-ஆம் ஆண்டு வாக்கில் இவர்களைச் சுற்றி ஒரு ரகசியச் சங்கம் உருவாயிற்று. அரவிந்தரே இங்கு வந்து பேசிப்போனார். 1905-இல் வங்காளம் துண்டாடப்பட்டது. மாணவர் அரசியல் கூட்டங்களில் சேரக்கூடாது, சேரவிடும் பள்ளிக்கு உதவித் தொகை கிடையாது என்று அவ்வாண்டு அக்டோபரில் அரசாங்கம் சுற்றறிக்கை விட்டது. மாணவர்களோ அதற்குப் பின்தான் மிகுதியாகச் சேர்ந்தார்கள். ஸத்யேந்திரர் ‘சாத்ர பண்டார்’ என்ற மாணவர் பண்டகசாலையைத் தொடங்கினார். வெளியே பார்த்தால் சுதேசித் துணி விற்கும் கடை. உள்ளே சிலம்பமும் தேகப் பயிற்சியும்.

அங்கே வந்து சேர்ந்த பையன்களில் ஒருவன் குதிராம். 1889 டிசம்பர் 3-ஆம் தேதி பிறந்தவன். அவனுக்கு முன் பிறந்த இரண்டு ஆண் குழந்தைகள் தங்கவில்லை. ஆகவே இவனாவது தங்கட்டும் என்று தாய் இவனை மூத்த மகளுக்கு மூன்று பிடி நொய்யரிசிக்கு விற்றுவிட்டாள். வங்காளியில் நொய்க்கு ‘குத்’ என்று பெயர், அதனால் குதிராம்.

இதைப் பையன் மொழிபெயர்த்துச் சொன்னதும், அதுவரை ஒன்றும் பேசாமல் வந்த நம் மனைவி நின்றுவிட்டாள். “நம்ம பக்கத்துலே தவிட்டுக்கு வாங்கறது மாதிரியில்லே இருக்கு! எங்க சித்தப்பாவைக்கூடத் தவிட்டுக்கு வாங்கித்தான் பிழைச்சார்” என்றாள். மாஸ்டர் மொஷாய்க்கு அதைச் சொன்னோம். அவர் வியந்து, தவிடு என்பதற்குத் தமிழ்ச் சொல்லை இரண்டு முறை சொல்லிப் பழகிக்கொண்டார். பிள்ளை தங்காத வீட்டின் பயம் எல்லா நாட்டிலும் ஒன்றுதானே. அந்த நொடியிலிருந்து நம் மனைவிக்குக் குதிராம் அயலானாக இல்லை. “அப்புறம் அந்தத் தாயார் என்ன ஆனா?” என்று அவள் கேட்டாள். குதிராமுக்கு ஆறு வயதாகும்போது தாயும், அடுத்த ஓராண்டில் தந்தையும் காலமாயினர். நொய் கொடுத்து வாங்கிய அக்காளே வளர்த்தாள்.

பள்ளியை விட்டு வெளியே வந்து ஒரு மர நிழலில் அமர்ந்தோம். அங்கேதான் மாஸ்டர் மொஷாய் கதையின் கடினமான பகுதியைச் சொன்னார்.

கல்கத்தாவில் கிங்ஸ்போர்டு என்னும் தலைமை மாஜிஸ்திரேட் இருந்தார். 1907-இல் ‘வந்தே மாதரம்’ பத்திரிகை மீதான வழக்கு அவர் முன் நடந்தது. கோர்ட்டுக்கு வெளியே போலீஸாரோடு கைகலந்ததற்காக ஸுசீல் ஸென் என்ற மாணவனுக்கு 15 பிரம்படி விதித்தார். ராஜநாராயணர் தம் பள்ளியில் எடுத்து வைத்த பிரம்பை அரசாங்கம் கோர்ட்டில் எடுத்துக்கொண்டது. அந்தப் பிரம்படி வங்காளத்து இளைஞர் ஒவ்வொருவர் முதுகிலும் விழுந்தது. கிங்ஸ்போர்டு பின்னர் பீகாரில் முஜாபர்பூருக்கு ஜில்லா ஜட்ஜாக மாற்றப்பட்டார். தம் சொத்தை விற்றுப் பாரிஸுக்குப் போய் வெடிகுண்டு செய்யக் கற்று வந்திருந்த சித்திர ஆசிரியர் ஹேமசந்திரர் குண்டைச் செய்துகொடுத்தார். குதிராமும் பிரபுல்ல சாக்கி என்ற இளைஞனும் அதை எடுத்துச் சென்றார்கள்.

1908 ஏப்ரல் 30-ஆம் தேதி இரவு. கிங்ஸ்போர்டின் வண்டி என்று எண்ணி அவர்கள் எறிந்த குண்டு வேறொரு வண்டியின் மேல் விழுந்தது. அதில் இருந்தவர்கள் பாரிஸ்டர் கென்னடியின் மனைவியும் மகளும். இருவரும் மாண்டார்கள். கிங்ஸ்போர்டுக்கு ஒரு கீறலும் இல்லை.

குதிராம் இரவெல்லாம் 25 மைல் நடந்து, மறுநாள் வைனி ஸ்டேஷன் அருகே பிடிபட்டான். பிரபுல்லன் மொகாமா ஸ்டேஷனில் போலீஸார் வளைத்தபோது தன்னையே சுட்டுக்கொண்டான். ஆகஸ்டு 11-ஆம் தேதி குதிராம் முஜாபர்பூர் சிறையில் தூக்கிலிடப்பட்டான். வயது 18. வைனி ஸ்டேஷன் இன்று ‘குதிராம் போஸ் பூசா’ என்று பெயர் தாங்கி நிற்கிறது. முஜாபர்பூருக்கும் சமஸ்திபூருக்கும் இடையே அந்தப் பெயரை அட்டவணையில் நாம் எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம். ஒரு பையன் இரவு முழுதும் நடந்து வந்து சேர்ந்த இடம் என்று அறிந்ததில்லை.

“அந்த ரெண்டு பொம்பளைங்க என்ன பாவம் பண்ணினாங்க?” என்று நம் மனைவி மெல்லக் கேட்டாள். மாஸ்டர் மொஷாய் உடனே பதில் சொல்லவில்லை. பின்னர், “அதைச் சொல்லாமல் குதிராமின் கதையைச் சொல்லக்கூடாது, அம்மா. நான் வகுப்பில் ஒருநாளும் அதை விட்டுவிட்டுச் சொன்னதில்லை” என்றார்.

பையன் வேறொன்று கேட்டான்: “குண்டு செய்து கொடுத்த வாத்தியாரும், சொல்லிக் கொடுத்தவரும் என்ன ஆனார்கள்? பையன்களை அனுப்பிவிட்டு வீட்டில் இருந்துவிட்டார்களா?”

இக்கேள்வி நம் மனத்திலும் இருந்ததுதான். பிள்ளையைப் பெற்றவன் கேட்கும் முதற் கேள்வியே அதுவன்றோ? மாஸ்டர் மொஷாய் சொன்ன விடையை அப்படியே எழுதுகிறோம். ஸத்யேந்திரர் ஆயுதச் சட்டத்தின் கீழ்ச் சிறைப்பட்டு, அலிப்பூர் சதி வழக்கிலும் சேர்க்கப்பட்டார். அவ்வழக்கில் நரேன் கோஸாயி என்பவன் அப்ரூவராக மாறித் தோழர்களைக் காட்டிக்கொடுத்தான். 1908 ஆகஸ்டு 31-ஆம் தேதி சிறை ஆஸ்பத்திரியில் ஸத்யேந்திரரும் கனையிலால் தத்தரும் அவனைச் சுட்டுக் கொன்றார்கள். நவம்பர் 10-இல் கனையிலாலும், 21-இல் ஸத்யேந்திரரும் தூக்கிலிடப்பட்டனர். கனையிலாலின் இறுதி ஊர்வலத்தில் திரண்ட கூட்டத்தைக் கண்டு அஞ்சிய அரசாங்கம், ஸத்யேந்திரரின் உடலை வெளியே கொடுக்காமல் சிறைக்குள்ளேயே எரித்தது. ஹேமசந்திரர் அந்தமானுக்கு அனுப்பப்பட்டு 1921-இல் விடுதலையானார். பின்னர் 1928-இல் தம் இயக்கத்தின் வரலாற்றை எழுதினார். தாங்கள் செய்த தவறுகளையும் பலவீனங்களையும் அதில் அவர் ஒளிக்கவில்லை.

மாணவன் ஏறிய தூக்குமேடையில் மூன்று மாதம் கழித்து வழிகாட்டியும் ஏறினார். தப்பிப் பிழைத்த ஆசிரியர் உண்மையை எழுதி வைத்தார். தாம் செய்யத் துணியாததை அவர்கள் பிள்ளைகளிடம் கேட்கவில்லை. அது சரியா, தவறா என்று தீர்ப்புக் கூறும் தகுதி பத்தாவது தேறிய குமாஸ்தாவுக்கு இல்லை. ஆனால் நம் பையன் நெடுநேரம் ஒன்றும் பேசாமல் இருந்தான்.

கதை 1908-உடன் முடியவில்லை. 1928-ஐ ஒட்டி டாக்காவைச் சேர்ந்த தினேஷ் குப்தா மிட்னாப்பூருக்கு வந்து மாணவர்களைச் சேர்த்துப் புதிய அணி ஒன்றைக் கட்டினார். கல்கத்தா ரைட்டர்ஸ் கட்டடத்தில் 1930 டிசம்பர் 8-ஆம் தேதி புகுந்த மூவரில் ஒருவர் அவர். கல்கத்தாவின் பினய்-பாதல்-தினேஷ் பாக் என்ற சதுக்கத்தை வாசகர் அறிவார்கள். அவர் தூக்குத் தண்டனை பெற்றுச் சிறையில் இருந்தபோதே அவருடைய மாணவர்கள் வேலையைத் தொடங்கினார்கள். உப்புச் சத்தியாக்கிரகிகளைக் கொடுமையாக ஒடுக்கியவர் என்று பெயர் பெற்றிருந்த ஜில்லா மாஜிஸ்திரேட் பெடி, 1931 ஏப்ரல் 7-ஆம் தேதி ஒரு கண்காட்சியைப் பார்வையிட வந்தார். விமல் தாஸ்குப்தாவும் ஜோதிஜீவன் கோஷும் அவரைச் சுட்டுவிட்டுத் தப்பினர். மறுநாள் அவர் இறந்தார். கண்காட்சி நடந்த இடம், நாங்கள் சற்று முன் பார்த்துவிட்டு வந்த இதே பள்ளி.

“பள்ளிக்கூடத்துக்குள்ளேயா?” என்று பையன் கேட்டான். மாஸ்டர் மொஷாய் தலையை மட்டும் அசைத்தார்.

அடுத்து வந்த டக்ளஸ் 1932 ஏப்ரல் 30-இல் ஜில்லா போர்டு கூட்டத்தில் சுடப்பட்டார். அதற்காகப் பிரத்யோத் பட்டாசார்யா என்ற கல்லூரி மாணவர் 1933 ஜனவரி 12-இல் 19 வயதில் தூக்கிலிடப்பட்டார். மூன்றாமவர் பர்ஜ், 1933 செப்டம்பர் 2-இல் கால்பந்தாட்ட மைதானத்தில் வீழ்ந்தார். சுட்ட இருவர், அனாதபந்து பாஞ்சாவும் மிருகேந்திர தத்தாவும், காவலரின் குண்டுகளுக்கு இரையாயினர். மறு வருஷம் அக்டோபரில் மேலும் மூன்று இளைஞர்கள் தூக்கு மேடை ஏறினார்கள். மூன்று ஆண்டுகளில் மூன்று மாஜிஸ்திரேட்டுகள். அதற்கு ஈடாக ஊரின் எத்தனை வீடுகளில் விளக்கு அணைந்தது!

“ஆண்டுதோறும் இவர்களுக்கெல்லாம் மாலை போடுகிறோம்” என்றார் மாஸ்டர் மொஷாய். “ஆனால் எந்தப் பையனையும் பார்த்து, நீயும் இவர்களைப் போல் செய் என்று நான் சொன்னதில்லை. அவர்கள் யார் நிமிர்ந்து உட்கார வேண்டும் என்று உயிர் கொடுத்தார்களோ, அந்தப் பிள்ளை நீ. ஆகவே நிமிர்ந்து உட்கார்ந்து படி என்றுதான் சொல்வேன்.” ராஜநாராயணரின் சாய்மான பெஞ்சு நம் நினைவுக்கு வந்தது.

அவர் வீட்டில் சாதமும் மீன் குழம்பும் காத்திருந்தன. மரக்கறி உண்ணும் நமக்கென்று கசகசா அரைத்த உருளைக்கிழங்குக் கறியும், கடைசியில் மிஷ்டி தயிரும் பரிமாறினார்கள். மாலை வண்டியில் திரும்பினோம்.

பாலத்தின் மேல் வண்டி மெல்ல ஊர்ந்தபோது பையன், “அப்பா, அந்த வழக்கு நடந்த வருஷம் 1907 தானே? வ.உ.சி. ஜெயிலுக்குப் போனது?” என்று கேட்டான். “1908 மார்ச்” என்றோம். சொல்லும்போதே நமக்கு ஓர் உண்மை பளிச்சென்று விளங்கிற்று.

‘வந்தே மாதரம்’ வழக்கில் சாட்சி சொல்ல மறுத்ததற்காகப் பிபின் சந்திர பாலருக்கு ஆறு மாதச் சிறை கிடைத்தது. அவர் விடுதலையாகும் 1908 மார்ச் 9-ஆம் தேதியைத் தூத்துக்குடியிலும் திருநெல்வேலியிலும் கொண்டாட முற்பட்டதற்காகத்தானே வ.உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் 12-ஆம் தேதி கைதானார்கள்? மறுநாள் 13-ஆம் தேதி திருநெல்வேலி எழுந்தது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். ஜூலை 7-இல் சிதம்பரம் பிள்ளைக்கு இரட்டை ஆயுள் தண்டனை. சுதேசிக் கப்பலையும் சிதம்பரம் பிள்ளையையும் ஒடுக்குவதில் முன்னின்றவர் என்று அன்று தூத்துக்குடியில் அதிகாரியாக இருந்த ஆஷின் மேல் மூண்ட ஆத்திரமே 1911 ஜூன் 17-இல் மணியாச்சி ஸ்டேஷனில் வாஞ்சியின் கையில் துப்பாக்கியாக வெடித்தது. வாஞ்சியும் உடனே தன்னைச் சுட்டுக்கொண்டான்.

கல்கத்தாவில் ஒரே வழக்கு. அதன் ஒரு பொறி ஸுசீல் ஸென்னின் முதுகில் விழுந்து, மிட்னாப்பூர் பள்ளிப் பிள்ளையை முஜாபர்பூருக்கு அனுப்பியது. இன்னொரு பொறி பாலரின் விடுதலையாகத் தெற்கே பறந்து, தாமிரபரணிக் கரையைப் பற்ற வைத்தது. வைனியும் மணியாச்சியும் ஒரே தண்டவாளத்தின் இரண்டு ஸ்டேஷன்கள். “நம்ம ஆள்”, “இவங்க ஆள்” என்று அவர்கள் காலத்தில் அவர்களே பிரித்துப் பார்க்கவில்லை. இதைப் பையனுக்கு விளக்கிச் சொன்னோம். அவன் ஜன்னலுக்கு வெளியே நதியைப் பார்த்துக்கொண்டு, “அப்ப ரெண்டு பேரையும் பத்திப் பேசலாமா?” என்று கேட்டான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அவனே நம்மை ஹிஜ்லிக்கு அழைத்துப்போனான். கரக்பூர் ஐ.ஐ.டி.யின் வளாகத்தில் இருக்கும் அந்தப் பழைய கட்டடத்தைத் தாண்டி எத்தனையோ முறை போயிருக்கிறோம். 1930-இல் அது விசாரணையின்றிப் பிடித்த இளைஞர்களை அடைத்து வைக்கும் முகாமாகியது. 1931 செப்டம்பர் 16-ஆம் தேதி இரவு காவலர்கள் நிராயுதபாணிகளான கைதிகளைச் சுட்டதில் ஸந்தோஷ் குமார் மித்ராவும் தாரகேசுவர் ஸென்குப்தாவும் உயிரிழந்தார்கள். உடல்களைப் பெற்றுச் செல்ல சுபாஷ் சந்திர போஸ் வந்தார். ரவீந்திரநாதர் கல்கத்தாவில் கண்டனக் கூட்டத்துக்குத் தலைமை வகித்தார். டக்ளஸ் வழக்கில் பிடிபட்ட பிரத்யோத்தின் சட்டைப்பையில் இருந்த காகிதத்திலும், அது ஹிஜ்லிக் கொடுமைக்குத் தங்களால் இயன்ற கண்டனம் என்றே எழுதியிருந்ததாம்.

அந்தச் சிறைக் கட்டடத்தில்தான் 1951-இல் 224 மாணவர்களோடும் 42 ஆசிரியர்களோடும் நாட்டின் முதல் ஐ.ஐ.டி. தொடங்கியது. இன்று அதற்கு ஹிஜ்லி சஹீத் பவன் என்று பெயர். விஞ்ஞானப் பொருட்காட்சிசாலையும் அங்கே இருக்கிறது. அக்கரையில் ஒரு பள்ளிக்கூடம் போர்க்களமாயிற்று. இக்கரையில் ஒரு சிறைச்சாலை பள்ளிக்கூடமாயிற்று. இரண்டுக்கும் நடுவே 20 ஆண்டுகள். நம் பெண் புல்வெளியில் பட்டாம்பூச்சியைத் துரத்திக்கொண்டிருந்தாள்.

சுதந்திர தினத்தன்று பையன் வங்காளியிலேயே பேசினான். மூன்று பிடி நொய்யில் ஆரம்பித்து, தவிட்டுக்கு வந்து, வைனியையும் மணியாச்சியையும் சொன்னான். வண்டியில் இறந்த தாயையும் மகளையும் விட்டுவிடவில்லை. ஐந்து நிமிஷத்துக்குப் பதில் ஒன்பது நிமிஷம் ஆயிற்றாம்; மணி அடித்து நிறுத்தச் சொல்லவில்லை. பரிசு வேறொரு பையனுக்குப் போயிற்று. ஆனால் விழா முடிந்ததும் அந்த ஆசிரியர் அவனை அழைத்து, வாஞ்சி என்பதை எப்படி எழுதுவது என்று கேட்டுத் தம் நோட்டில் குறித்துக்கொண்டாராம். அன்று இரவு பையன் இரண்டு தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

ஹௌராவிலிருந்து மிட்னாப்பூருக்கு நேர் லோகல் வண்டிகள் உண்டு. தூரம் 128 கிலோமீட்டர். சென்னையிலிருந்து வருவோர் கரக்பூரில் இறங்கி மாறிக்கொள்ளலாம். பள்ளி நடக்கும் நேரத்தில் உள்ளே செல்ல முன்கூட்டி அனுமதி பெறுவது நலம். பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். காசாயிப் பாலம் வரும்போது ஜன்னல் ஓரத்தை அவர்களுக்கு விட்டுக்கொடுங்கள்.